மிக்ஸரை எடைக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் நீளம்தான், முன்பே சொல்லிவிடுகிறேன். இடம் இல்லை என்று வெட்டுவதாக இருந்தால் ஒயரைப் பற்றியும் எர்த்தைப் பற்றியும் எழுதியிருக்கும் இடங்களில் மட்டும் கை வைக்காதீர்கள், மற்றதை உங்கள் விருப்பம்போல் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் காரிமங்கலத்தில் காங்கிரீட் கலவை மிக்ஸர் வாடகைக்கு விடுகிறவன். ரிப்பேரும் நானே பார்த்துக்கொள்வேன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காயலான் கடையில் பழைய பேரிங் தேடிக்கொண்டிருந்தபோது, குட்டியானை வண்டியிலிருந்து ஒரு தடவைக்கு அரை மூட்டை சிமென்ட் கலக்கிற ஒரு கரண்ட் மிக்ஸரை நான்கு பேர் பிடித்து இறக்கினார்கள். டிரம் நல்ல கனம், சக்கரம் இரண்டும் திடமாக இருந்தன, பெயின்ட் கூட முழுதாகப் போகவில்லை. கொண்டு வந்த மேஸ்திரியிடம் "என்னண்ணே ஆச்சு?" என்றேன். "மோட்டார் போயிருச்சு தம்பி, ரெண்டு தடவ காயில் கட்டியாச்சு, மூணாவது தடவையும் புகைஞ்சிருச்சு, இது ராசியில்லாத மெஷின்" என்றார். எடைக்குப் போடப்போகும் விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன். அதோடு ஓட்டிய ஒயரையும் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே அதையும் தூக்கிப் போட்டார்.

ராசி எங்கே இருந்தது என்று அந்த ஒயரைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. 1 ஸ்கொயர் எம்.எம். கனம் மட்டுமே உள்ள மெல்லிய ஒயர், நூற்று அறுபது அடி இருக்கும், அதாவது ஏறக்குறைய 50 மீட்டர், நடுவில் ஐந்து இடத்தில் முறுக்கிப் பால் கவர் சுற்றி ஒட்டு.

இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதமே. அந்த மோட்டார் ஒன்றரை எச்.பி., சிங்கிள் பேஸ், 1440 சுற்று. லோடில் ஓடும்போது ஒன்பது ஆம்பியர் பக்கம் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் ஐந்து மடங்கு கேட்கும். 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 19.5 ஓம் தடை என்றால், போய் வரும் நூறு மீட்டருக்கு இரண்டு ஓம் என்று வையுங்கள். இந்தத் தடையே அந்த ஐந்து மடங்கு கரண்டை முழுதாகப் போகவிடாது, அப்படிக் குறைந்தும் ஸ்விட்சைப் போட்ட அந்த நொடியில் அறுபது வோல்ட்டுக்கு மேல் ஒயரே தின்றுவிடும். 230 வோல்ட் வந்தால்கூட மோட்டாருக்குப் போய்ச் சேருவது 170 பக்கம்தான். முறுக்கு விசை வோல்டேஜ் குறைகிற அளவில் நேராகக் குறைவதில்லை, அதன் வர்க்கத்தில் குறையும், ஆகையால் பாதி பலத்துக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். இதுவும் கட்டிடம் நகரத்துக்குள் இருந்தால். மாந்தோப்புக்கு நடுவே வீடு கட்டும்போது, சுற்றிலும் எல்லாக் கிணற்று மோட்டாரும் ஓடுகிற நேரத்தில், லைனிலேயே 200 இருப்பது சந்தேகம்.

அப்புறம் என்ன ஆகும் என்றால், இந்த வகை மோட்டாரில் ஸ்டார்ட் ஆவதற்கென்று தனிக் காயில் ஒன்று உண்டு, அதோடு ஒரு கெப்பாசிட்டர் சேர்ந்திருக்கும். மோட்டார் முக்கால் வேகத்தை எட்டியதும் உள்ளே இருக்கிற சென்ட்ரிபியூகல் சுவிட்ச் விலகி அந்தக் காயிலைக் கழற்றிவிட வேண்டும். அந்தக் காயில் சில நொடிக்கு மட்டும் என்று கட்டப்பட்டது. பலம் இல்லாத மோட்டார் முக்கால் வேகத்தை எட்டாமலே முனகிக்கொண்டு நின்றால் சுவிட்ச் விலகாது, காயில் வெந்துபோகும். வைண்டிங் கடைக்காரர் புதுக் காயில் கட்டித் தருவார், அதே ஒயரில் கொண்டுபோய் மாட்டுவார்கள், மறுபடி வேகும். திரும்பத் திரும்பக் காயில் கட்டிய செலவை 4 ஸ்கொயர் எம்.எம். கேபிளில் போட்டிருக்கலாம். அதே தூரத்துக்கு அந்த கேபிளில் ஓடும்போது நாலரை வோல்ட்தான் விழும், ஸ்டார்ட்டில் இருபது பக்கம். மீதி நீள கேபிளைச் சுருட்டிய உருளையிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களும் உண்டு, சுருட்டிக் கிடக்கிற கேபிள் சூட்டை வெளியேற்ற முடியாமல் உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும். முழுதாகப் பிரித்துப் போடுங்கள், இடைஞ்சலாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, கிணற்று மோட்டார் ரூமிலிருந்து இழுக்கிறார்களே, அது விவசாயத்துக்கு என்று கொடுத்த இலவச கரண்ட். வீடு கட்ட அதை எடுப்பது விதிப்படி தவறு, தற்காலிக இணைப்பு என்று தனியே இருக்கிறது. இதைச் சொன்னால் என்னை யாரும் கடைக்குள் விடமாட்டார்கள், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

சரி, மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை. உடனே வைண்டிங் கடைக்குத் தூக்க வேண்டாம். முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்றினால் இயந்திரப் பக்கம் குற்றமில்லை. மோட்டாரின் ஷாஃப்ட்டையும் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று இருந்தால் பேரிங். இரண்டும் நன்றாக இருந்தும் ஸ்விட்ச் போட்டால் முனகல் மட்டும் கேட்கிறது என்றால், பத்துக்கு ஏழு தடவை என் கையில் வந்தது கெப்பாசிட்டர்தான், மீதியில் பாதி அந்த சென்ட்ரிபியூகல் சுவிட்ச். பின்மூடியைத் திறந்தால் சுவிட்ச் முழுக்க சிமென்ட் தூசி, பனிக்காலத்து ஈரத்தில் அது இறுகிக் கல்லாகியிருக்கும். பிரஷ்ஷால் தட்டி, காண்டாக்டை ஜீரோ எமரித் தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. கெப்பாசிட்டர் மாற்றும்போது பழையதன் மேல் அச்சடித்திருக்கும் மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட்டும் பார்த்து அதே அளவு வாங்குங்கள், "கொஞ்சம் பெருசாப் போடுங்க, இழுவை நல்லா இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். கழற்றும் முன் அதில் தேங்கியிருக்கும் கரண்டை ஒரு குண்டு பல்பை இரண்டு முனையிலும் தொட்டு இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் படீர் என்று வெடிக்கவிடுவது வீரம் இல்லை, முனை உருகிக் கண்ணில் தெறிக்கும்.

முனகுகிற மோட்டாரை பெல்ட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் ஓடிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ஓடத்தான் செய்யும். என் இடது கை ஆள்காட்டி விரலில் நகம் இருந்த நுனி கிடையாது, 2011இல் இந்த வித்தையில்தான் போனது. பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் ஒரு மிக்ஸரும் என் இடத்திலிருந்து இப்போது வெளியே போவதில்லை. பழைய டின் தகடு போதும், அழகு வேண்டியதில்லை.

காயில் உண்மையிலேயே எரிந்துவிட்டது என்றால் கட்டித்தான் ஆகவேண்டும். செம்பா அலுமினியமா என்று கேளுங்கள், பழைய செம்பைத் திருப்பிக் கேட்டு எடை போட்டுப் பாருங்கள், வார்னிஷ் ஊற்றியபின் சூட்டில் காயவைத்தார்களா, வெயிலில் வைத்து எடுத்தார்களா என்று விசாரியுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார். பேரிங்கும் மாற்றுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். தகரமூடி உள்ளது மாவு மில்லுக்குச் சரி, சிமென்ட் தூசி அதன் இடுக்கில் புகுந்துவிடும்.

இனி டிரம். மெஷினைப் பாதி கொல்வது ஒயர் என்றால் மீதியைக் கொல்வது சாயங்காலம் ஐந்து மணி. வேலை முடிந்த அசதியில் யாரும் டிரம்மைக் கழுவமாட்டார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள், நாளைக்கு அது டிரம்மோடு டிரம்மாகிவிடும். பிறகு சம்மட்டியை எடுத்து வெளியே இருந்து அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு நெளிவு, நெளிவுக்கு நெளிவு உள்ளே மேடு, அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாள் கலவை இன்னும் கெட்டியாக ஒட்டும். ஒரு வருடத்தில் டிரம் பலாப்பழம் மாதிரி ஆகிவிடும். இதற்கு மருந்து ரொம்பச் சின்னது. கடைசிக் கலவையைக் கொட்டியதும் இரண்டு பாண்டு ஜல்லியும் இரண்டு குடம் தண்ணீரும் உள்ளே போட்டுப் பத்து நிமிடம் சுற்றவிடுங்கள், ஜல்லியே உள்ளே தேய்த்துவிடும். காலையில் வேலை தொடங்கும் முன் டிரம்மின் வெளிப்பக்கம் மட்டும் ஷட்டரிங் ஆயில் துணியால் தடவிவிட்டால் தெறித்த கலவை சாயங்காலம் கைபட்டாலே உதிரும். உள்ளே தடவக்கூடாது, காங்கிரீட்டில் எண்ணெய் கலக்கும். ஏற்கெனவே இறுகிப்போனதை பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கரைக்கிறார்கள், அது சிமென்ட்டைத் தின்றபிறகு இரும்பையும் தின்னும், புகையும் நெஞ்சைப் பிடிக்கும். சிறிய உளியை வைத்து உள்ளிருந்து பொறுமையாகத் தட்டி எடுங்கள், அதுவும் பிளக்கைப் பிடுங்கிப் பக்கத்தில் கண்ணில் படும்படி வைத்துவிட்டு.

இங்கே ஒரு கதை. பென்னாகரம் பக்கம் ஒரு தளம் போடும் வேலை. டிரம் நிறைய கலவை இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. சாதாரணமாக இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, கை வீலைச் சுற்றி டிரம்மைக் கவிழ்த்துவிடலாம். அன்றைக்கென்று கவிழ்க்கும் பல் உடைந்து சிக்கிக்கொண்டது. மேஸ்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு பையனை டீக்கடைக்கு ஓடவிட்டு அரைக் கிலோ சர்க்கரை வாங்கி வரச் சொல்லி, தண்ணீரில் கரைத்து டிரம்முக்குள் ஊற்றி மூங்கிலால் கிளறிவிட்டேன். டீக்கடைக்காரர் பையனோடு கூடவே வந்து நின்று, "சாமி கும்பிடுறீங்களா?" என்று கேட்டார். சர்க்கரை சிமென்ட் இறுகுவதை நிறுத்திப் பிடிக்கும், அரைக் கிலோ என்பது அரை மூட்டை சிமென்ட்டுக்கு ரொம்பவே அதிகம். மறுநாள் காலையில் பல்லைச் சரிசெய்துவிட்டுப் பார்த்தால் கலவை சேறு மாதிரி அள்ளிப்போட வந்தது. அந்தக் கலவையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், ஒரு சட்டிகூடக் கட்டிடத்தில் சேரக்கூடாது. எங்கள் தாத்தா காலத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்தார்கள், அதைக் கேள்விப்பட்டவர்கள் சிலர் சிமென்ட்டுக்கும் வெல்லத் தண்ணீர் நல்லது என்று நினைக்கிறார்கள். சுண்ணாம்பு வேறு, சிமென்ட் வேறு. பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை இருக்கிற மாவட்டம் நம்முடையது, சர்க்கரைச் சாக்கை அலசிய தண்ணீரை மிக்ஸரில் ஊற்றிய ஆளையும் நான் பார்த்திருக்கிறேன்.

பல் சக்கரத்தைப் பற்றி நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். டிரம்மைச் சுற்றி இருக்கிற பெரிய வளையப் பல்லுக்கும் அதைத் தள்ளுகிற சின்னப் பினியனுக்கும் கிரீஸ் அப்புகிறார்கள். மூடி இல்லாமல் திறந்து கிடக்கிற சின்ன மிக்ஸர்களில் அதைச் செய்யாதீர்கள். கிரீஸில் எம் சாண்ட் தூசி ஒட்டும், ஒட்டியது அரைக்கும் பசையாகிப் பல்லை அராவும். உலர்ந்த பல் சத்தம் போடும், ஆனால் நெடுநாள் உழைக்கும். சில நிறுவனங்கள் தங்கள் கையேட்டிலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள்? கிரீஸ் போக வேண்டிய இடம் பேரிங் நிப்பிள், வாரம் ஒருமுறை, பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வரும்வரை. பினியன் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். அதை மாற்றாமல் இழுத்துக்கொண்டே போனால் வளையப் பல்லும் கெட்டு, செலவு பத்து மடங்காகும். இரண்டும் கவ்வுகிற இடத்தில் ஒரு ஆக்ஸா பிளேடு நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் போதும்.

டிரம் உள்ளே பிளேடு தேய்ந்துபோனால் வெல்டிங் வைப்பது சகஜம், எம் சாண்ட் வந்தபிறகு ஆற்றுமணல் காலத்தைவிடச் சீக்கிரம் தேய்கிறது. வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை எங்கோ சக்கரத்தில் மாட்டிவிட்டு டிரம்மில் வெல்டிங் வைத்தால், அந்தக் கரண்ட் முழுவதும் பேரிங் உருண்டைகள் வழியாகத்தான் போகும், உருண்டையில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். வெல்டிங் வைக்கிற தகட்டிலேயே கிளாம்பை மாட்டச் சொல்லுங்கள்.

வேகமாகச் சுற்றினால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஒருவர் மோட்டார் புல்லியைப் பெரிதாக மாற்றிக்கொண்டு வந்தார். டிரம் நிமிடத்துக்கு இருபது இருபத்தைந்து சுற்று சுற்ற வேண்டியது, அதற்கு மேல் போனால் கலவை சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், கீழே விழுந்து புரளாது, கலக்காது. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இரண்டு நிமிடமாவது கலக்கச் சொல்கிறது. நம் ஆட்கள் நிறம் ஒரே மாதிரி ஆனதும் கொட்டிவிடுவார்கள். ஸ்விட்ச் போடும்போது டிரம் காலியாக இருக்க வேண்டும், சுற்ற ஆரம்பித்தபின் முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு ஜல்லி, சிமென்ட், மணல். டீ குடிக்கப் போகும்போது கலவையோடு நிறுத்திவிட்டு வந்து மறுபடி போட்டால், மேலே சொன்ன ஸ்டார்ட் காயில் கதைதான்.

கடைசியாக எர்த். இதைத்தான் வெட்ட வேண்டாம் என்று கேட்டேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் இரண்டடி தோண்டினால் பாறை. கிரானைட் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஊர் நம்முடையது. வேலை நடக்கிற இடத்தில் ஒரு கம்பியை அடித்து அதுதான் எர்த் என்று மிக்ஸர் பாடியில் ஒயர் மாட்டுகிறார்கள், மாட்டுகிறவர்களே குறைவு, பெரும்பாலும் மூன்று பின் பிளக்கில் எர்த் ஒயரை வெட்டிவிட்டு இரண்டு ஒயரில்தான் ஓட்டுகிறார்கள். சரி, மாட்டினார்கள் என்றே வையுங்கள். காய்ந்த பாறை மண்ணில் அந்தக் கம்பிக்கு 50 ஓம் தடை இருப்பது சாதாரணம். மோட்டாரின் பேஸ் ஒயர் பாடியில் பட்டுவிட்டால் அந்த வழியாகப் போவது 230ஐ 50ஆல் வகுத்தால் வருகிற 4.6 ஆம்பியர். போர்டில் இருப்பதோ 16 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழுந்து துண்டிக்கிற சுவிட்ச். அது விழாது. பாடி முழுக்கக் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். சித்தாள் அம்மா ஈரக் காலோடு தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து டிரம்மில் கை வைப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு அப்படி நடந்திருக்கிறது. பிழைத்துக்கொண்டார், கையில் தழும்பு இருக்கிறது. அந்த மிக்ஸர் என்னுடையதில்லை, ஆனால் என்னுடையதாகவும் இருந்திருக்கலாம். அன்றைக்கு என் மிக்ஸர்களும் இரண்டு ஒயரில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வேண்டும். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் 0.3 நொடிக்குள் விழும். மண் எப்படி இருந்தாலும் விழும். அது ஓவர்லோடுக்கு விழாது, அதனால் எம்.சி.பி.யும் கூடவே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி ஒயர் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் மழையில் நனைந்த மோட்டார்தான் கசிகிறது. காயிலுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள தடையை அளக்கிற 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்தால் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மோட்டாரைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் வைத்து 100 வாட்ஸ் குண்டு பல்பை ஒரு ராத்திரி எரியவிடுங்கள், ஈரம் போய்விடும். அப்போதும் குறைவாக இருந்தால்தான் வைண்டிங் கடை.

என்னைப்போல் வாடகைக்கு விடுகிற மற்றவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். மிக்ஸரை மட்டும் அனுப்பி ஒயரை மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். 4 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் கேபிள், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.யும், இதையும் மிக்ஸரோடு சேர்த்தே அனுப்புங்கள், சேர்த்தே வாடகை வாங்குங்கள். கேபிள் திருடு போகும் என்பீர்கள். போகும்தான், என்னிடம் இரண்டு போயிருக்கிறது. அதற்காகச் சேர்த்து அனுப்பாமல் இருக்கக்கூடாது. வீடு கட்டுகிறவர்களும் மிக்ஸர் வந்து இறங்கும்போது பெட்டி எங்கே என்று ஒரு வார்த்தை கேளுங்கள், கேட்கிற ஆள் இருந்தால் அனுப்புகிற ஆளும் வந்துவிடுவார்.

காயலான் கடையில் வாங்கிய அந்த ராசியில்லாத மெஷினுக்குக் காயில் ஒருமுறை கட்டினேன், இரண்டு பேரிங், ஒரு கெப்பாசிட்டர், ஒரு பெல்ட், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் ஐந்து தளம் போட்டுவிட்டது. போன வாரம் அதை விற்ற மேஸ்திரியே வாடகைக்குக் கேட்டு வந்தார். பெயின்ட் அடித்திருந்ததால் அடையாளம் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. பெட்டிக்கும் கேபிளுக்கும் தனியாக அட்வான்ஸ் கேட்டதற்குத்தான் கொஞ்சம் முறைத்தார், அப்புறம் கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
மிக்ஸர் வாடகைக்கு விடும் ஒரு வாசகர்,
காரிமங்கலம், தர்மபுரி மாவட்டம்.